கடைசியாகத் தொட்டவர் நான்தான்

எங்கள் நிறுவனத்தின் முதல் ராக்கெட் கிளம்பி 162-வது வினாடி வரை கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தோம். ராக்கெட்டின் அடிப்பகுதியான முதல் கட்டம் எரிந்து முடிந்து, கழன்று, கேமராவில் ஒரு வெள்ளைக் குழாயாகப் பின்தங்கிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. என் திரையில் நான்கு கோடுகள் ஓடின. அவற்றில் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. இரண்டாம் கட்ட எஞ்சினுக்குத் திரவ ஆக்சிஜனை விடும் முதன்மை வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் கோடு அது. கட்டளை போனதும் பூஜ்யத்திலிருந்து நூறுக்கு ஏற வேண்டும். 31-க்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. எஞ்சினின் அழுத்தம் அரைமனதாக எழுந்து, தள்ளாடி, அடங்கியது. அதற்குப் பிறகும் சில நிமிடங்கள் ராக்கெட் மேலேதான் போனது, எறிந்த கல் போவதைப் போல. கைதட்டல் எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை.

இதை எழுதக் காரணம் உண்டு. அடுத்த ஐந்து மாதங்களில் எனக்கு என்ன நடக்கும் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. எஞ்சின் வடிவமைப்பைச் சொல்லித்தரப் புத்தகங்கள் இருக்கின்றன. உங்கள் கையால் செய்த பாகம் காலை வாரிய மறுநாள் காலை அலுவலகத்துக்குள் எப்படி நுழைவது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, மிகவும் களைத்துப்போனவர்கள்.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் எல்லோரும் அதைக் கடைசியில்தான் சொல்கிறார்கள். நிரந்தர வேலையை விட்டு அங்கே சேர்ந்தபோது என் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. அதற்கு ஈடாக, குறிப்பிட்ட விலையில் பிற்பாடு நிறுவனப் பங்குகளை வாங்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. ஏவுதலுக்கு ஆறு வாரம் முன்பு, ராக்கெட் மேலே போய்விட்டால் பங்கின் மதிப்பு எங்கோ போய்விடும், இப்போதே வாங்குகிறவன்தான் புத்திசாலி என்று ஒரு பேச்சு கிளம்பியது. சேமிப்பில் பாதிக்கு மேல் எடுத்து வாங்கினேன். என் வீட்டின் பதினான்கு மாதச் செலவு அது. இன்று அந்தப் பங்குகளை வாங்க ஆளில்லை. கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 1 ராக்கெட் தொடர்ந்து மூன்று முறை தோற்ற பிறகு, 2008 செப்டம்பர் 28 அன்று நான்காவது முறைதான் சுற்றுப்பாதைக்குப் போனது. ஃபயர்ஃபிளையின் ஆல்ஃபா 2021-இல், ஏபிஎல் நிறுவனத்தின் ஆர்எஸ்1 2023 ஜனவரியில், ரிலேட்டிவிட்டியின் டெரான் 1 அதே ஆண்டு மார்ச்சில், ஜப்பானின் கைரோஸ் 2024-இல், ஜெர்மன் நிறுவனமான இசாரின் ஸ்பெக்ட்ரம் 2025-இல் என, முதல் பயணத்திலேயே தோற்றவற்றைச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆகவே முதல் ஏவுதல் தோற்கும் என்றே வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கைப் போடுங்கள். அடுத்த ராக்கெட் தயாராக ஓராண்டுக்கு மேல் ஆகலாம், நடுவில் இரண்டு மாதச் சம்பளம் தாமதமாகலாம், அப்போது வாடகை கட்ட முடியுமா என்று பாருங்கள். வர்ஜின் ஆர்பிட் என்ற ராக்கெட் நிறுவனம் 2023 ஜனவரியில் ஒரு ராக்கெட்டை இழந்தது. எரிபொருள் பாதையில் ஒரு வடிகட்டி இடம் பெயர்ந்ததுதான் கோளாறு. ஏப்ரலில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டுவிட்டது. மூன்றே மாதம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் முதலில் ஏவ முயன்ற நாளில் ராக்கெட் கிளம்பவே இல்லை. முதல் கட்டத்தில் ஒரு சென்சார் வரம்பைத் தாண்டியதால் கடைசி நிமிடத்தில் கணினி கவுண்ட்டவுனை நிறுத்திவிட்டது. ஆக்சிஜனை வடித்துவிட்டு, ராக்கெட்டைப் படுக்கவைத்து, கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனோம். மறுநாள் மாலை மீண்டும் முயல்வதென்று முடிவானது. அந்த இரவு நான் தூங்கியது மூன்று மணி நேரம். என் வால்வின் நிலையைச் சொல்லும் சென்சார் அன்று இரண்டு முறை கண் சிமிட்டியதுபோல் விட்டுவிட்டு வந்ததால், இரவு பதினொன்றரைக்கு மேல் ராக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு கதவைத் திறந்து அதன் கனெக்டரை, அதாவது கம்பியை மாட்டும் இணைப்பை, மாற்றினேன். வேலை முடிந்ததும் வழக்கப்படி கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்தேன். இந்தப் படம் பிறகு வரும்.

முதல் முயற்சிக்கு எல்லோரும் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்திருப்பார்கள். முயற்சி நின்றுபோன பிறகு வரும் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை. ராக்கெட் அப்போதுதான் குளிர்ந்து, மீண்டும் சூடேறிக்கொண்டிருக்கும். ஆட்களோ கண் எரிய நின்றுகொண்டிருப்பார்கள். உங்கள் கையில் அதிகாரம் இருந்தால் அந்த இரவுக்கென்று தூங்கி எழுந்த ஒரு தனிக் குழுவை வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரம் இல்லையென்றால் உங்கள் பாகத்தை மட்டுமாவது இன்னொருவர் கண்ணால் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அன்று நான் செய்த பெரிய முட்டாள்தனம் வாயைத் திறந்தது. கோடு 31-இல் நின்றதும், "வால்வு, என் வால்வுதான்" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். அதிர்ச்சியில் வந்த சொல். மறுநாள் காலைக் கூட்டத்தில் வெள்ளைப் பலகையின் உச்சியில் 'இரண்டாம் கட்ட வால்வுக் கோளாறு' என்று தலைப்பு எழுதியிருந்தது. விசாரணை தொடங்கு முன்பே தீர்ப்பை நானே எழுதிக்கொடுத்துவிட்டேன். திரையில் பார்த்தது ஓர் எண். அந்த எண்ணைக் காட்டிய சென்சார் பொய் சொல்லியிருக்கலாம், மின்சாரம் குறைந்திருக்கலாம், வால்வைத் தள்ளும் வாயுவின் அழுத்தம் போதாமல் இருந்திருக்கலாம். இப்போது இளையவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஏதாவது நடந்தால் முதலில் பதிவுகளுக்கு நகல் எடுக்கச் செய்யுங்கள், பிறகு யாரிடமும் பேசாமல் ஒரு தாளில் நீங்கள் கண்டதை மட்டும் நேரத்துடன் எழுதிக் கையெழுத்திடுங்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டுவிட்டால் இரண்டு நினைவும் ஒன்றாகிவிடும்.

மூன்றாம் நாள் அந்தக் கேள்வி வந்தது. "கடைசியாக அதைத் தொட்டது யார்?" கேட்டவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பதிவேட்டில் என் கையெழுத்து இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்ததும் பேச்சு மாறியது. என் அறைத் தோழர் தகவல் கோப்பு ஒன்றை எனக்கு அனுப்பாமல், "அதை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "மேலே போய்விட்டதே கண்ணு, பிறகு என்ன?" என்றார். விளக்க முயன்று பாதியில் விட்டுவிட்டேன். அந்த மாதம் ஒவ்வோர் இரவும் அந்தக் கனெக்டரை மனத்துக்குள் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். விரலில் அந்தத் திருகின் சொரசொரப்புகூட நினைவுக்கு வரும். ஒரு கட்டத்தில், நான் சரியாகத்தான் மாட்டினேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது என்னைக் காப்பாற்றியது ஒரு பழைய விசாரணை. 2006 மார்ச் 24 அன்று மார்ஷல் தீவுகளின் ஓமெலெக் தீவிலிருந்து கிளம்பிய முதல் ஃபால்கன் 1, அரை நிமிடத்துக்குச் சற்று மேல் பறந்ததும் எஞ்சின் அணைந்து விழுந்தது. அது சுமந்த சிறிய செயற்கைக்கோள் அதே தீவின் ஒரு கொட்டகைக் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது என்பது இன்றும் சொல்லப்படும் கதை. எரிபொருள் கசிந்து தீப்பிடித்ததுதான் காரணம் என்றதும், அதற்கு முன்பு அந்த இடத்தில் வேலை செய்த தொழில்நுட்பப் பணியாளர் பக்கம் விரல் நீண்டது. பிறகுதான் உண்மை வெளியே வந்தது: கடலின் உப்புக் காற்றில் அரித்துப்போன ஓர் அலுமினிய நட்டு பிளந்திருக்கிறது. அடுத்த ராக்கெட்டில் துருப்பிடிக்காத எஃகில் நட்டுப் போட்டார்கள். அந்த நடுவிலிருந்த வாரங்களில் அந்தப் பணியாளர் எப்படித் தூங்கியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன். முகம் தெரியாத அவர்தான் அப்போது எனக்கு இருந்த ஒரே துணை.

எங்கள் விசாரணைத் தலைவர், வெளியிலிருந்து வந்த வயதான ஒரு பெண் பொறியாளர், ஒரு நல்ல காரியம் செய்தார். பலகையில் இருந்த தலைப்பை அழித்துவிட்டு, 'இரண்டாம் கட்டம் போதிய உந்துவிசை தரவில்லை' என்று எழுதினார். அதற்குக் கீழே கிளை கிளையாக எல்லாச் சாத்தியங்களையும் போட்டோம், நூற்றுக்கும் மேல் வந்தன. தரைக் கருவிகள் என்று ஒரு கிளையை அவர் சேர்த்தபோது சிலர் சிரித்தார்கள். அவர் ராக்கெட் லேபின் கதையைச் சொன்னார். 2017 மே 25 அன்று அவர்களது முதல் எலக்ட்ரான் ராக்கெட் 224 கிலோமீட்டர் உயரம் வரை ஒழுங்காகப் போனது. தரையில் ஒப்பந்ததாரர் ஒருவரின் டெலிமெட்ரி கருவியில், அதாவது ராக்கெட் அனுப்பும் தகவலை வாங்கும் கருவியில், ஓர் அமைப்பு தவறாக இருந்ததால் தகவல் அறுந்தது, பாதுகாப்பு அதிகாரிகள் விதிப்படி அதை முடித்துவிட்டார்கள். ராக்கெட்டில் எந்தக் குறையும் இல்லை. எட்டு மாதம் கழித்து இரண்டாவது ராக்கெட் சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எந்தக் கிளையையும் கைதூக்கி வாக்கெடுத்து மூட அவர் விடவில்லை, ஓர் அளவீடோ ஒரு சோதனையோ கொண்டு வந்து வைக்கச் சொன்னார். அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் விசாரணையில் இல்லையென்றால், வெளியாள் ஒருவர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உள்ளே இருக்கும் எல்லோருக்கும் காப்பாற்ற ஏதாவது ஒரு பாகம் இருக்கிறது, எனக்கும் இருந்தது.

இங்கே எனக்கு இன்னொரு அடி. வால்வு எப்படி நகர்ந்தது, வழுக்கிப்போய் நின்றதா, முட்டி நின்றதா என்று பார்க்க வேண்டும். என் சென்சாரோ வினாடிக்குப் பத்து முறைதான் பதிவு செய்திருந்தது. எஞ்சின் அழுத்தம் வினாடிக்கு ஆயிரம் முறை. ஓராண்டு முன்பு, ராக்கெட்டிலிருந்து அனுப்பக்கூடிய தகவலின் அளவு போதவில்லை, யார் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். பெருந்தன்மையாகக் கையைத் தூக்கியது நான்தான். வால்வு திறக்கும் அந்த அரை வினாடிக்கு என்னிடம் இருந்தவை ஐந்தே புள்ளிகள். தகவல் வேகத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். எடையை விட்டுக்கொடுங்கள், அழகை விட்டுக்கொடுங்கள், ஊர்வலத்தில் நிற்கும் இடத்தை விட்டுக்கொடுங்கள்.

ஏழாவது வாரம் மாற்று வால்வு ஒன்றைச் சோதனை மேடையில் வைத்தோம். வால்வின் தண்டைச் சுற்றி ஈரம் உறைந்திருக்குமோ என்பது ஒரு கிளை. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் சரக்கு. அதன் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் கல்தான். ஈரக் காற்றில் ஓர் இரவு வைத்து, பிறகு திரவ நைட்ரஜனால் குளிரவைத்துக் கட்டளை கொடுத்தோம். 'டக்' என்று நூறுக்குத் திறந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்போது சோதனை மேடையில் இருந்த இளைஞர் ஒருவர், "நாம் சூடான வால்வில் ஈரத்தை விடுகிறோம். அன்றைக்கு ஆக்சிஜனை வடித்த பிறகு வால்வு குளிர்ந்து கிடந்ததே" என்றார். சரிதான். பனிப்பெட்டியிலிருந்து எடுத்த பாத்திரம் வியர்ப்பதுபோல் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருக்கும். வால்வை முதலில் குளிரவைத்து, ஈரக் காற்றை விட்டு, இளக விட்டு, மீண்டும் குளிரவைத்தோம். கட்டளை கொடுத்ததும் 'டக்' வரவில்லை. பழைய கதவு முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. திரையில் 34. யாரும் பேசவில்லை. வால்வு இளகியதும் தண்டின் ஓரத்திலிருந்து தட்டில் சொட்டிய தண்ணீர் ஒரு தேக்கரண்டிகூட இருக்காது.

ஃபால்கன் 1-இன் மூன்றாவது தோல்வியும் இந்த ரகம்தான். 2008 ஆகஸ்ட்டில் முதல் கட்ட எஞ்சின் அணைந்த பிறகும் மிஞ்சியிருந்த மெல்லிய தள்ளல், கழன்ற கட்டத்தை மீண்டும் முன்னே தள்ளி இரண்டாம் கட்டத்தின்மேல் மோதவைத்தது. தரைச் சோதனையில் அது தெரியவில்லை, ஏனென்றால் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அந்தத் தள்ளலைவிட அதிகம். அணைவதற்கும் கழல்வதற்கும் நடுவே சில வினாடிகள் கூட்டியதும் அடுத்த ராக்கெட் போய்ச் சேர்ந்தது. நாங்களும் எங்கள் வால்வை நூற்றுக்கணக்கான முறை சோதித்திருந்தோம். வடித்து, காயாமல், இரண்டாம் முறை நிரப்பிய ஒரு வால்வை ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை.

ஈரம் உள்ளே போனது எப்படி என்ற கேள்வி மிச்சமிருந்தது. வால்வின் உறைக்குள் எப்போதும் உலர்ந்த நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்கும். ராக்கெட்டைப் படுக்கவைக்கும்போது அந்தக் குழாயைக் கழற்றி, துளையைச் சிவப்பு நாடா கட்டிய மூடியால் அடைக்க வேண்டும். அடைத்தோமா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அன்று இரவு என் கைபேசியில் பழைய படங்களைப் புரட்டினேன். கனெக்டரை மாற்றிய பிறகு எடுத்த படம். நடுவில் கனெக்டர், பூட்டுக் கம்பியோடு, குறை சொல்ல முடியாத அளவுக்கு ஒழுங்காக. படத்தின் இடது ஓரத்தில், ஒரு சாண் தூரத்தில், வாய் திறந்த துளை. பக்கத்தில் மூடி தன் சங்கிலியில் தொங்குகிறது, சிவப்பு நாடா கீழே நீண்டு கிடக்கிறது. இருபது நிமிடம் அதன் முன்னால் மண்டியிட்டிருக்கிறேன். பார்க்கவில்லை.

படத்தை அழித்துவிடலாமா என்று தோன்றியது, மறைக்க மாட்டேன். அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்துவிட்டு விசாரணைத் தலைவருக்கு அனுப்பினேன். அவர் "நன்றி. தூங்குங்கள்" என்று மட்டும் பதில் எழுதினார்.

மூடி ஏன் போடப்படவில்லை? பழைய செயல்முறைத் தாளில் அந்தப் படி இருந்தது. ஏவுதலுக்கு மூன்று வாரம் முன்பு, ஒரே நாளில் மறுமுயற்சி செய்ய வசதியாக அதைச் சுருக்கினார்கள், சுருக்கும்போது அந்த வரி போய்விட்டது. கொட்டகையில் இருந்தவர்கள் தாளில் இருந்ததைத் துல்லியமாகச் செய்தார்கள். அஸ்ட்ரா என்ற ராக்கெட் நிறுவனத்துக்கு 2022 பிப்ரவரியில் நடந்ததும் இதேதான்: வரைபடத்தில் பிழை, வரைபடப்படி சரியாகக் கட்டிய கம்பிகள், தவறான வரிசையில் வெடித்த பூட்டுகள், செயற்கைக்கோளை மூடியபடி திறக்காத மூக்குக் கூம்பு. எங்கள் சுருக்கிய தாளில் ஐந்து பேர் கையெழுத்திட்டிருந்தோம். நான்காவது கையெழுத்து என்னுடையது. சுருக்கிய தாளைச் சரிபார்க்கத் தந்தால், மிச்சமிருக்கும் வரிகளைப் படிக்காதீர்கள். பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடித்த வரிகளை மட்டும் படியுங்கள். நான் மிச்சமிருந்த வரிகளைப் படித்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தன.

நான் குற்றவாளியா என்று கேட்டால் இன்றும் எனக்கு ஒரு நேரான பதில் இல்லை. கனெக்டர் விஷயத்தில் விடுதலை, துளை விஷயத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று சில நாள் கணக்குச் சொல்லிக்கொள்வேன். எங்கள் ராக்கெட்டில் ஒரு மாணவர் குழுவின் சிறிய செயற்கைக்கோள் இருந்தது, மூன்றாண்டு உழைப்பு. ராக்கெட்டில் இடம் இலவசமாகக் கிடைத்தது என்பதால் காப்பீடு எடுத்திருக்கவில்லை. வாடிக்கையாளர் பிரிவு ஒரு கடிதம் அனுப்பியதோடு சரி. ஆறாம் மாதம் நானே அந்தக் குழுத் தலைவியைக் கூப்பிட்டு, துளையின் கதையை முழுதாகச் சொன்னேன். வெகுநேரம் கழித்து, "எங்களுடையது வேலை செய்திருக்குமா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் மட்டுமல்ல, யாரிடமும் பதில் இல்லை. முதல் பயணத்தில் இலவச இடம் கிடைக்கிறதென்று ஏற்றுகிறவர்கள் அதே மாதிரி இன்னொன்றைச் செய்து தரையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனது பேசாமல் போனாலும், கீழே இருப்பதை வைத்து ஏதாவது தெரிந்துகொள்ளலாம்.

அறிக்கை வந்த வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களை அனுப்பிவிட்டார்கள். பட்டியலில் நான் இல்லை. மாற்று வால்வை முனகவைத்த அந்த இளைஞர் இருந்தார். இரண்டு மாதம் கழித்து நானும் விலகினேன். வாங்காமல் விட்ட மீதிப் பங்கு உரிமைகள் 90 நாளில் காலாவதியாகும் என்பது ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் இருந்திருக்கிறது. அந்த முறை வாங்கவில்லை.

போன வாரம் பழைய அறைத் தோழர் ஒரு படம் அனுப்பினார், கூட ஒரு சொல்லும் இல்லை. இரண்டாவது ராக்கெட்டின் அதே கதவு, அதே துளை. மூடி இறுக்கமாக மாட்டியிருந்தது, சிவப்பு நாடா யாருடைய விரலிலோ ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. உயரத்தில் காற்று வேகம் அதிகம் என்று ஏவுதலை இரண்டாம் முறையாக ஒத்திவைத்திருக்கிறார்கள். இன்று இரவு ஆக்சிஜனை வடித்திருப்பார்கள்.